கடன் கணக்கைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள்: அவருக்குச் சம்பளம் யார் தருவது?

எங்கள் தெருவில் பலகாரம் போட்டு விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். கைமுறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை, கல்யாண வீடுகளுக்கு அதிரசம். காரைக்குடியில் இரண்டு கடைகளுக்கு வாரம் தவறாமல் சரக்குப் போகிறது. கைப்பக்குவத்துக்குக் குறையே சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் பை ஒன்றோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, நீங்க கணக்கு எழுதுறவுக. இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நகையை முதல்ல மீட்டுட்டா நான் நிமிர்ந்துருவேனா?" என்றார்.

பையிலிருந்து வந்தவை: ஒரு தண்டல் அட்டை, குழுக் கடன் அட்டைகள் இரண்டு, வங்கி நகைக்கடன் ரசீது, சீட்டுக்குப் பணம் கட்டும் சின்ன நோட்டு. கைமாற்றாக வாங்கிய ஐம்பதாயிரத்துக்கு மட்டும் காகிதம் இல்லை. அது மனதில் இருந்தது.

அந்தக் காலையில் நாங்கள் செய்ததற்குத்தான் நிதி ஆலோசனை என்று பெயர். பெயர் பெரிதாக இருப்பதால் பணக்காரர்கள் பங்குச் சந்தைக்குப் போகுமுன் கேட்கும் யோசனை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. இது ஒரு குடும்பத்தின் வரவு, செலவு, கடன் மூன்றையும் ஒரே இடத்தில் எழுதி, எதை முதலில் அடைப்பது, எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எங்கே கட்டாயம் மறுக்க வேண்டும் என்று கூட உட்கார்ந்து பார்ப்பது. உலகில் பல ஊர்களில் இதை நகராட்சியே செலவு செய்து இலவசமாகத் தருகிறது. நம் ஊரிலும் அப்படிச் செய்ய முடியுமா, பணம் எங்கிருந்து வரும் என்பதை முதல்முறை கேள்விப்படுகிறவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அக்காவின் கணக்கு. அதைப் பார்த்தால்தான் இந்த வேலை என்னவென்று பிடிபடும்.

வீட்டு வரவு மாதம் சுமார் முப்பதாயிரம். பலகாரத்தில் பதினெட்டாயிரம், ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் அவர் வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டாயிரம். கடன் பக்கம் வந்தால், தண்டலுக்கு நாள் நூறு என்று மாதம் மூவாயிரம். குழுக் கடன்கள் இரண்டுக்கும் சேர்த்து ஐயாயிரத்து முந்நூறு. கைமாற்று மூணு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஐம்பதாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. சீட்டுக்கு இரண்டாயிரம். ஆக மாதம் பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. நகைக்கடன் அறுபதாயிரம் தனி. அதற்கு வருஷம் ஒருமுறை வட்டி கட்டித் திருப்பி வைக்கிறார்.

அக்காவுக்கு மனதை அறுப்பது அந்த நகைதான். தாய் வீட்டுச் சங்கிலி. விசேஷ வீட்டுக்கு வெறுங்கழுத்தோடு போக வேண்டியிருக்கிறது. அதனால் எதை விற்றாவது நகையை மீட்டுவிட வேண்டும் என்று துடிக்கிறார். கணக்கோ வேறு சொல்கிறது. நகைக்கடனுக்கு வருஷத்துக்கு 9 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் அது முக்கால் வட்டி. குழுக் கடன் வருஷத்துக்கு 24 சதவீதம், அதாவது இரண்டு வட்டி. கைமாற்று மூன்று வட்டி. சரி, தண்டல்?

"பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு பிடிச்சுக்கிட்டு எட்டாயிரத்து ஐந்நூறு குடுத்தாக. நூறு நாள் நூறு ரூவா கட்டணும். பதினஞ்சு வட்டிதானே தம்பி, ஒரே தடவைதானே" என்றார். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் எட்டாயிரத்து ஐந்நூறும் நூறு நாளும் அவர் கையில் இல்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாம் நாளில் பாதிப் பணம் கொடுத்தவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சராசரியாக நாலாயிரத்துச் சொச்சம்தான் அக்காவிடம் இருந்திருக்கிறது. அதற்கு மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஆயிரத்து ஐந்நூறு. போட்டுப் பார்த்தால் மாதம் ஏறக்குறையப் பத்து வட்டி வருகிறது.

அக்கா கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கைமாற்றைக் கணக்குப் போட்டோம். நாலு வருஷமாக மாதம் ஆயிரத்து ஐந்நூறு. எழுபத்திரண்டாயிரம் கட்டியாயிற்று. அசல் ஐம்பதாயிரம் அப்படியே நிற்கிறது. "எழுபத்திரண்டா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆக நகை கடைசி. அது எல்லாவற்றிலும் மலிவான கடன். முதலில் தண்டலை முடித்து, மறுபடி எடுக்காமல் இருக்க வேண்டும். சீட்டு விழும்போது வரும் பணத்தைக் கைமாற்றின் அசலுக்குக் கொடுக்க வேண்டும். தண்டல் ஒழிந்த பிறகு மிஞ்சும் மூவாயிரத்தையும் அங்கேயே திருப்ப வேண்டும். அக்காவுக்குப் புதிதாக ஒரு பைசா யாரும் கொடுக்கவில்லை, எந்தக் கடனும் தள்ளுபடி ஆகவில்லை. வரிசை மட்டும்தான் மாறியது.

ஒரு நிதி ஆலோசகர் செய்வது இவ்வளவுதான். அவர் கடன் தருவதில்லை. காப்பீடு விற்பதில்லை. யார் பணத்தையும் கையில் வாங்குவதில்லை. கணக்கைத் தாண்டிய சிக்கல் என்றால் உரிய இடத்துக்கு வழிகாட்டுவார். மிரட்டி வசூலித்தால், இலவசச் சட்ட உதவி எண் 15100. வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் மீது புகார் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு ஏற்பாடு, அதற்கு 14448. இணையவழிப் பணமோசடி என்றால் தாமதிக்காமல் 1930. குழுக் கடன் வாங்கியவருக்குச் சில உரிமைகள் உண்டு என்பதையும் அவர் எடுத்துச் சொல்வார். 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, குழுக் கடன் போன்ற நுண்கடன் கொடுப்பவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கவும் கூடாது. ஆனால் தண்டலும் கைமாற்றும் எந்தக் கடன் பதிவேட்டிலும் ஏறுவதில்லையே. அக்காவின் வீட்டில் மொத்தம் எவ்வளவு போகிறது என்பதை அவர் கூட உட்கார்ந்து எழுதினால்தான் பார்க்க முடியும்.

இலவசம் என்றால் யார் காசு?

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. ஆலோசனை கேட்க வருபவரிடம் காசு வாங்க முடியாது. கடனில் இருப்பவர் ஐந்நூறு ரூபாய் கட்டணம் என்றால் வரவே மாட்டார். அப்படியானால் ஆலோசகரின் சம்பளத்தை வேறு யாராவது தர வேண்டும். அது யார் என்பதைப் பொறுத்துத்தான் அவர் வாயில் வரும் யோசனையும் அமையும்.

காப்பீட்டு முகவர் இலவசமாகத்தான் யோசனை சொல்கிறார். அவருக்குக் கமிஷன் இருக்கிறது. ஐந்து கடனையும் சேர்த்து ஒரே கடனாக்கித் தருகிறோம் என்று வரும் நிறுவனமும் இலவசமாகத்தான் கணக்குப் போட்டுத் தருகிறது. அவர்களுக்கு வட்டி இருக்கிறது. நான் இவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தொழில் அது. ஆனால் "இந்தக் கடனை வாங்காதீர்கள்" என்று சொன்னால் சம்பளம் குறையும் நிலையில் இருக்கிற ஒருவர், அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்வார்?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணக்கு என்ற கலையை இந்த மண் கரைத்துக் குடித்திருக்கிறது. செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர்க் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன், அடுத்தாள், மேலாள் என்று ஏறுவதற்குள் சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் அவன் விரல் நுனிக்கு வந்துவிடும். கோயிலில் கூடி மாதாமாதம் நடப்பு வட்டி என்ன என்று பேசி முடிவு செய்தவர்கள் நம் முன்னோர். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது, சென்னையிலும் ரங்கூனிலும் காரைக்குடியிலும் ஒரே நாளில் கதவு திறந்தது.

ஆனால் அந்தக் கணக்கறிவு முழுக்கப் பணப்பெட்டிக்கு ஒரு பக்கத்தில், கொடுப்பவர் பக்கத்தில் மட்டுமே இருந்தது. மறுபக்கம் கடன் வாங்க உட்கார்ந்திருந்த பர்மிய விவசாயிக்குக் கூட உட்கார்ந்து எழுதிக் காட்ட யாருமில்லை. 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாமல் நிலங்கள் கைமாறின. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் செட்டியார் நிறுவனங்கள் வசம் வந்திருந்தது. கொடுத்தவர்களும் நிலத்தை விரும்பி வாங்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது திரும்பி வரும் பணம். அந்த நிலத்தையும் பின்னால் இழந்தார்கள். இரண்டு பக்கமும் நொடித்துப்போன கதை அது. விலை விழுந்ததை எந்த ஆலோசகரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் வாங்குபவர் பக்கம் கணக்குத் தெரிந்த ஓர் ஆள் இருந்திருந்தால் எவ்வளவு வாங்குவது, எங்கே நிறுத்துவது என்ற பேச்சாவது நடந்திருக்கும்.

அதே முன்னோர் வேறொன்றையும் செய்தார்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று தனியே எடுத்து வைத்தார்கள். கோயில், ஊருணி, விடுதி, பள்ளி எல்லாம் அதில் நடந்தன. யாருடைய தனி லாபத்தோடும் ஒட்டாத பொதுப் பணம் அது. நான் சொல்ல வருவது இந்த வழியைத்தான். கடன் ஆலோசகரின் சம்பளம் ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து வர வேண்டும். இன்றைக்கு ஊர்ப் பொதுப் பணம் என்றால் அது உள்ளாட்சியின் கஜானா.

மற்ற ஊர்களில் எப்படி?

நியூயார்க் மாநகராட்சி 2008-இல் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு நிதி ஆலோசனை மையத்தைத் திறந்தது. வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் யார் வந்தாலும் ஓர் ஆலோசகர் நேருக்கு நேர் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். கட்டணம் இல்லை. மையத்தை நடத்துவது உள்ளூர்த் தொண்டு நிறுவனம், மேற்பார்வை மாநகராட்சியுடையது. இந்த மாதிரியை 2013-இல் டென்வர், லான்சிங், நாஷ்வில், பிலடெல்பியா, சான் அன்டோனியோ என்ற ஐந்து நகரங்கள் எடுத்துக்கொண்டன. தொடக்க ஆண்டுகளுக்கு ஓர் அறக்கட்டளையின் பணம் வந்தது. வழக்கமான முறை என்னவென்றால், அறக்கட்டளைப் பணம் முளை விட உதவும், அதன்பின் நகரத்தின் சொந்த பட்ஜெட்டில் அது இடம் பிடிக்க வேண்டும். அங்கே குடிநீர், நூலகம் போல இதையும் ஒரு பொதுச் சேவை என்றுதான் சொல்கிறார்கள்.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே. வேலையில்லாதவர்களுக்கு உள்ளாட்சிகள் தரக்கூடிய உதவிகளாகச் சட்டத்தில் எழுதியிருக்கிற பட்டியலில் குழந்தைப் பராமரிப்பு, போதை மீட்பு ஆலோசனை இவற்றோடு கடன் ஆலோசனையும் இருக்கிறது. மலேசியாவில் வழி வேறு. அங்கே மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் கடன் ஆலோசனைக்கென்றே ஒரு முகமையை அமைத்தது. நம் கிட்டங்கிகள் இருந்த அதே பினாங்கில், இன்று கடனில் தவிக்கும் ஒருவர் காசு கொடுக்காமல் ஆலோசனை கேட்க வழியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒரு நிறைவு வருகிறது.

நம்மிடம் இப்போது என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்லக் கூடாது. ரிசர்வ் வங்கி 2009-இல் நிதிக் கல்வி, கடன் ஆலோசனை மையங்களுக்கு ஒரு மாதிரித் திட்டம் வகுத்தது. அதில் எனக்கு மிகப் பிடித்த ஒரு நிபந்தனை உண்டு. மையத்தை வங்கி நடத்தினாலும் அது வங்கியோடு ஒட்டாமல் கைத்தூரத்தில் இருக்க வேண்டும், முடிந்தவரை வங்கிக் கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது என்றார்கள். 2012-இல் அவற்றை நிதிக் கல்வி மையங்களாக மாற்றியமைத்தார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி இதற்குப் பொறுப்பு. காரைக்குடி இருக்கும் சிவகங்கை மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கிதான். 2017-இல் இன்னொன்று வந்தது. தொண்டு நிறுவனங்கள் வட்டார அளவில் நடத்தும் நிதிக் கல்வி மையம். முதலில் நாடு முழுக்க 80 வட்டாரங்களில் சோதனை. பிறகு மூன்று வட்டாரங்களுக்கு ஒரு மையம் என்று விரிவாக்கம்.

இந்த வட்டார மையங்களின் செலவுக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி எங்கிருந்து தெரியுமா? பத்து ஆண்டு யாரும் தொடாமல் கிடக்கும் வங்கிக் கணக்குகளிலிருந்து. அப்படிக் கிடக்கும் தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று 2014-இல் ஏற்பாடு வந்தது. உரியவர் அல்லது வாரிசு எப்போது கேட்டாலும் வங்கி மூலம் திரும்பப் பெறலாம். பூட்டிக் கிடக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கிற நம் பகுதியில், ஐயா எந்த வங்கியில் என்ன போட்டு வைத்தார் என்று தெரியாத குடும்பங்கள் ஏராளம். 2023-இல் ரிசர்வ் வங்கி திறந்த உத்கம் என்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். இதை ஒரு தடவையாவது செய்து பாருங்கள்.

ஆனால் மூன்று வட்டாரத்துக்கு ஒரு மையம் என்பது பெரும்பாலும் முகாம் நடத்தத்தான் காணும். ஐம்பது பேரை உட்கார வைத்து, சேமிப்பின் அவசியம், வருஷம் இருபது ரூபாய் விபத்துக் காப்பீடு, கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பேசுவார்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐம்பது பேருக்கு நடுவில் எந்த அக்காவும் மஞ்சள் பையைத் திறக்க மாட்டார். முகாமில் கிடைப்பது தகவல். திண்ணையில் நடந்தது வேறு. அதற்கு ஒரே ஆள், ஒரே இடத்தில், வாராவாரம் இருக்க வேண்டும். முதல் தடவை வருபவர் பாதிக் கடனைத்தான் சொல்வார். மூன்றாவது தடவைதான் கைமாற்று வெளியே வரும். உள்ளாட்சி நிதி வேண்டும் என்று நான் கேட்பது அந்த மூன்றாவது தடவைக்காக.

உள்ளாட்சியால் முடியுமா?

சட்டம் தடுக்கவில்லை. அரசியல் சாசனத்தின் 73, 74-ஆம் திருத்தங்களோடு வந்த அட்டவணைகளைப் பாருங்கள். ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையின் 29 பொருள்களில் வறுமை ஒழிப்பும் மகளிர் மேம்பாடும் உண்டு. நகர்ப்புறத்துக்கான பன்னிரண்டாவது அட்டவணையின் 18 பொருள்களில் நகர்ப்புற வறுமை ஒழிப்பு உண்டு. கடன் ஆலோசனை இதற்குள் தாராளமாக அடங்கும்.

பணத்துக்குத்தான் கொஞ்சம் கவனம் தேவை. உள்ளாட்சியின் கைக்கு வரும் பணம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சொந்த வருவாய் ஒன்று: சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, கட்டணங்கள். மாநில நிதி ஆணையம் பரிந்துரைத்து மாநில அரசு தரும் பங்கு இன்னொன்று. மூன்றாவது மத்திய நிதிக் குழு மானியம். இந்த மூன்றாவதைப் பார்த்துத்தான் பலரும் "அதில் எடுத்துக் கொடுங்களேன்" என்கிறார்கள். பதினைந்தாவது நிதிக் குழுவின் காலத்தில் ஊராட்சிகளுக்கு வந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவுக்கென்று கட்டிவைத்தது. மீதி 40 சதவீதம் கட்டற்றது என்றாலும் அதைச் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆலோசனையில் செலவு என்பதே ஆளின் சம்பளம்தானே? ஆகவே கேட்க வேண்டிய இடம் சொந்த வருவாய். கட்டடம், மேசை, அலமாரிக்கு மற்ற வழிகள் இருக்கின்றன. பல ஊராட்சிகளில் சேவை மையக் கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது.

எவ்வளவு ஆகும்? காரைக்குடியை எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பிலேயே ஒரு லட்சம் பேரைத் தாண்டிய நகராட்சி, 2024-இல் மாநகராட்சி ஆயிற்று. இரண்டு ஆலோசகர்கள், ஆளுக்கு மாதம் இருபத்தைந்தாயிரம் என்று வைத்தால் வருஷம் ஆறு லட்சம். பயிற்சி, மின்சாரம், காகிதம், தொலைபேசிக்கு இரண்டு லட்சம். மொத்தம் எட்டு லட்சம். பழைய லட்சத்துக்கே வகுத்தாலும் தலைக்கு வருஷம் எட்டு ரூபாய். இது நான் போட்ட உத்தேசக் கணக்குதான். இரட்டிப்பானாலும் பதினாறு ரூபாய்.

இப்படி ஒரு பொதுச் சேவைக்குத் தலைக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. சொத்து வரிச் சீட்டில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வழியில் வந்தது அது. புத்தகம் படிக்காதவரும் கட்டுகிறார். யார் வீட்டுப் பிள்ளையும் போய்ப் படிக்கலாம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் மாதிரிப் பேரூராட்சிகளுக்குத் தனியாக முழுநேர ஆள் கட்டுப்படியாகாது. நாலைந்து ஊர் சேர்ந்து ஓர் ஆலோசகரை வைத்து, திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர் என்று சுற்றி வரச் செய்யலாம். சந்தை நாளாகப் பார்த்து வைத்தால் வெளியூர்ப் பெண்களும் வருவார்கள். மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பையும் சமுதாய வளப் பயிற்றுநர்களையும் இதில் சேர்க்காமல் விடக் கூடாது. அவர்களுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியும்.

ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. நம் ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கடன்பட்டது வெளியே தெரிந்தால் கௌரவம் போய்விடும், பெண்ணுக்கு வரன் தட்டும் என்ற பயம் பொய்யான பயம் இல்லை. அதனால் ஆலோசனை அறை வரி கட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. நூலகத்தின் பின் அறையோ, அங்கன்வாடி மாலையில் காலியாக இருக்கும் நேரமோ நல்லது. உள்ளே போகும் பெண்ணைப் பார்ப்பவர் அவர் எதற்குப் போகிறார் என்று ஊகிக்க முடியாதபடி இருக்க வேண்டும். பெயர் எழுதும் நோட்டு வார்டு உறுப்பினர் கைக்குப் போகக் கூடாது. பணம் தருவது உள்ளாட்சி என்பதால் யார் யார் வந்தார்கள் என்று கேட்கும் உரிமை அதற்கு வந்துவிடாது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், எத்தனை தண்டல் முடிந்து மறுபடி எடுக்காமல் நின்றது என்ற எண்ணிக்கை போதும்.

உள்ளூரில் வட்டிக்குக் கொடுப்பவர்களிடம் செல்வாக்கு இருக்கும், மன்றத்தில் அவர்கள் பேச்சு எடுபடும், இது நடக்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முறையாக உரிமம் வாங்கி நியாய வட்டிக்குக் கொடுப்பவருக்கு இதனால் நஷ்டம் இல்லை, கடன் ஒழுங்காகத் திரும்பும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றுக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் புகார் கொடுக்கும் தைரியம் வருவதற்கு முன்னால், தான் கட்டிக்கொண்டிருப்பது பத்து வட்டி என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அக்கா அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார். தனியாக இல்லை, கூட இரண்டு பெண்கள். அதற்கடுத்த வாரம் ஐந்து பேர். எனக்குக் கிடைக்கும் விடுமுறை அந்த ஒரு நாள்தான். ஒருவருக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். அதில் ஒருவர் அதன்பின் வரவேயில்லை. அந்த முகம் இன்னும் மனதில் நிற்கிறது. திண்ணையும் நல்லெண்ணமும் இதற்குப் போதாது என்று அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

கேட்பது எப்படி?

கிராமம் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. நகரம் என்றால் வார்டுக் குழுவும் பகுதி சபையும். அடுத்த நிதியாண்டு பட்ஜெட்டில் ஏற வேண்டுமானால் அக்டோபர், நவம்பரிலேயே பேச்சை எடுத்துவிடுவது நல்லது. மார்ச்சில் போய்க் கேட்டால் எல்லாம் எழுதி முடித்திருப்பார்கள்.

"ஏழைகளுக்கு நிதி விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று தீர்மானம் கொடுக்காதீர்கள். ஒரு முகாம் நடத்திப் படம் எடுத்துக் கோப்பை மூடிவிடுவார்கள். இப்படி எழுதலாம்: "நமது ஊர் மக்கள் தங்கள் வரவு, செலவு, கடன் குறித்துக் கட்டணமின்றித் தனியாக ஆலோசனை பெற, வாரத்தில் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில், எந்த நிதி நிறுவனத்தையும் சாராத பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை நியமிக்கவும், அவரது ஊதியத்துக்கு உள்ளாட்சியின் சொந்த வருவாயிலிருந்து ஆண்டுதோறும் தொகை ஒதுக்கவும், வருபவர்களின் விவரங்களை இரகசியமாக வைக்கவும் தீர்மானிக்கப்படுகிறது." இதில் "ஆண்டுதோறும்" என்ற சொல்லையும் "எந்த நிதி நிறுவனத்தையும் சாராத" என்ற சொற்களையும் யார் எடுக்கச் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

சபை முடிந்ததும் தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு நகல் கேட்டு வாங்குங்கள். ஒரு நகலை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஆலோசகருக்குப் பயிற்சி தர அவர்களால் முடியும். பட்ஜெட் வாசிக்கும் நாளில் அந்தத் தலைப்பில் எத்தனை ரூபாய் என்று போய்க் கேளுங்கள்.